ஐந்து மணிக்குச் சங்கம், ஆறு மணிக்கு உலகம்

என் வீட்டுக்காரர் எஸ்கிலிடம் உலகத்தில் எந்த நாட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார். வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. உப்பு இடம் மாறவே இல்லை.

வெளியாட்கள் அவரைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுவார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. கோத்தன்பர்க் நகராட்சியில் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். குடிப்பதில்லை, கத்துவதில்லை, யார் மனசையும் நோகடித்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கேக் வெட்டி, கையில் ஒரு தடித்த நாவலைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவில் எங்கேயோ அணை கட்டி ஊரே மூழ்கிப்போன கதை. குழாய் மனுஷனுக்கு அணைக் கதை பொருத்தமாக இருக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த யாரோ ஒரு நாள் என் கையில் கிடைக்கட்டும். இவர் சோபாவை விட்டு எழுந்திருக்காமல் அதைப் படித்து முடித்தார். அப்புறம் நேராக அடுப்படிக்கு வந்து, "குன்வோர், நாம ஒண்ணுமே தெரியாம வாழ்ந்துட்டோம்" என்றார்.

"நாமன்னு என்னை எதுக்குச் சேக்குற?" என்றேன்.

அன்று பிடித்ததுதான். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு நாடு பாக்கியில்லை. நடைவழியில் கோட்டு மாட்டும் இடத்தில் புத்தக அலமாரி வந்தது. கோட்டெல்லாம் நாற்காலி முதுகுக்குப் போனது. காலையில் முட்டை வேகும் நேரத்துக்குள் ஒரு நாட்டில் பஞ்சம் வந்துவிடும், காபி ஆறுவதற்குள் இன்னொரு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிடும். "செய்தித்தாள் என்ன நடந்துச்சுன்னு சொல்லும், நாவல்தான் அது மனுஷனுக்கு எப்படி வலிச்சுதுன்னு சொல்லும்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாரம் ஏழு நாளும் கேட்டுப் பாருங்கள்.

டாக்சியில் அவரோடு போவதை நான் நிறுத்திவிட்டேன். ஏறியதும் ஓட்டுநரிடம் எந்த நாடு என்று கேட்பார். அந்த ஆள் பதில் சொல்லி முடிப்பதற்குள், அவருடைய நாட்டில் நிலச்சீர்திருத்தம் ஏன் தோற்றுப்போனது என்று இவர் அவருக்கே விளக்கத் தொடங்கிவிடுவார். ஒரு தடவை ஒரு பையன், பாவம், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க, நான் பொறந்ததே இங்க பக்கத்துல போரோஸ்ல" என்றான். அதற்கும் இவர் விடவில்லை. "உங்க அப்பாகிட்டக் கேட்டுப் பாருங்க" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்படி ஒருவர் வீட்டோடு இருந்தால் என் பாடு மட்டும்தான். ஆனால் இவர் எங்கள் கட்டடத்துக்கும் தலைவர். மாயோர்னா பகுதியில் கீழே கல்லும் மேலே மரமுமாக நிற்கிற பழைய கட்டடம் எங்களுடையது. பதினெட்டு வீடு, ஒரு குடியிருப்புச் சங்கம், அதற்கு ஒரு நிர்வாகக் குழு. குழுவில் எஸ்கில், கணக்குப் பார்க்கிற ரோலண்ட், மூன்றாவது விவெக்கா. ரோலண்ட் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவர், விதிமுறைப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவார் என்று நினைக்கிறேன். விவெக்கா ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுத்தவள், எதற்கும் கண்ணில் தண்ணீர் விடுவாள். நான் மாற்று உறுப்பினர். பேசலாம், ஓட்டுக் கிடையாது.

மாதக் கடைசி வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் குழு கூடும். இடம் அடித்தளத்தில், துணி துவைக்கும் அறைக்கு அடுத்த அறை. நடுவில் இருப்பது பேருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் மெஷின் வேகமாகச் சுற்றும்போது ரோலண்ட் பேசுவது பாதிதான் காதில் விழும், நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆறு மணி ஆனதும் அதே அறையில், அதே மேஜையில், அதே நாலு பேரும் உட்கார்ந்தபடியே வாசகர் வட்டமாகிவிடுவோம். எஸ்கில் ஆரம்பித்தது. மாதம் ஒரு நாட்டு நாவல். அதே பிளாஸ்கில் மிச்சமிருக்கிற காபி. கோப்புகள் பைக்குள் போகும், புத்தகம் வெளியே வரும், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். கதவில் தொங்கும் அட்டையின் ஒரு பக்கம் "நிர்வாகக் குழுக் கூட்டம், உள்ளே வர வேண்டாம்" என்றிருக்கும். எஸ்கில் எழுந்துபோய் அதைத் திருப்புவார். மறுபக்கம் "வாசகர் வட்டம், எல்லோரும் வருக". யாரும் வந்ததில்லை.

இரண்டு கூட்டத்துக்கும் பேசும் முறை ஒன்றுதான். மேஜையைச் சுற்றி வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு தடவை பேச வேண்டும். நடுவில் குறுக்கிடக் கூடாது. பேசி முடித்தவருக்கு யாரும் பதிலும் சொல்லக் கூடாது. "நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். சின்ன வயதிலிருந்து நாங்கள் இப்படித்தான் வளர்ந்திருக்கிறோம், இதில் சண்டை வராது. ஆனால் யார் எதைச் சொன்னாலும் மேஜைமேலேயே கிடந்து ஆறிப்போகும்.

போன நவம்பர் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மூன்றாவது மாடியில் பொந்துஸ் என்ற பையனின் வீடு இருக்கிறது. அவன் நார்வேயில் வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டை ஷூஷானிக் என்ற அர்மீனியப் பெண்ணுக்கு விட்டிருந்தான். அவளும் அவள் மகள் நாரேயும் மட்டும்தான். ஷூஷானிக் கடைத்தெருவில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எஸ்கில் போட்டிருக்கும் கண்ணாடியே அவள் பார்த்துக் கொடுத்ததுதான். "கீழ் வரியைப் படிங்க" என்று அவள் சொன்னபோது இவர் ஜார்ஜியாவில் நடந்த ஒரு நாவலைச் சொல்லத் தொடங்கினாராம். "கிட்டத்தட்ட உங்க பக்கம்தானே" என்றாராம். அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எங்கள் சங்கத்தில் ஒருவர் தன் வீட்டை இன்னொருவருக்கு விடக் குழுவின் அனுமதி வேண்டும். பொந்துஸுக்குக் கொடுத்த இரண்டு வருஷம் டிசம்பரோடு முடிகிறது. அவன் திரும்பி வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும், அதுவரை அவளே இருக்கட்டும் என்று நீட்டிப்புக் கேட்டிருந்தான். கிடைக்காவிட்டால் ஷூஷானிக் ஜனவரியில் வெளியே போக வேண்டும். இந்த நகரத்தில் வாடகை வீட்டு வரிசையில் பெயர் கொடுத்தால் பேரப்பிள்ளைக்குத்தான் சாவி வரும். வேறெங்காவது தூரத்தில் ஒரு அறை தேடி, நாரேயை மறுபடி பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். அந்தக் குழந்தை ஏற்கெனவே நாலு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டது. போன இடத்தில் வாயையே திறக்கவில்லையாம். இங்கே வந்துதான் கீழ்வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து படியில் கத்திக்கொண்டு ஓடுகிறது.

ஐந்து மணிக்குக் குழு கூடியது. பக்கத்து அறையில் உலர்த்தும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் நின்றது.

"ரெண்டு வருஷம்தான் விதி" என்று ரோலண்ட் தொடங்கினார். "அது முடிஞ்சுபோச்சு. இவங்களுக்கு நீட்டிச்சா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"யாரு வந்து நின்னா?" என்றேன். முறை வராமல் பேசியதற்காக எஸ்கில் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

விவெக்காவின் முறை. "எனக்கு மனசு கேக்கல. அந்தக் குட்டி படியில பாத்தா எவ்ளோ அழகா வணக்கம் சொல்லும். ஆனா ரோலண்ட் சொல்றதும் சரிதான்."

எஸ்கில் முறை. "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணு. அதுல ஆளைப் பாக்கக் கூடாது. ஆளைப் பாக்க ஆரம்பிச்சா அநியாயம் அங்கதான் நுழையும்."

என் முறை வந்தது. "பொந்துஸுக்குச் சம்மதம். அவளால யாருக்கும் தொந்தரவு இல்ல. அவ போனா வீடு பூட்டித்தான் கிடக்கும். அந்தக் குழந்தை இப்பத்தான் வாயைத் திறந்து பேசுது. யாருக்கு என்ன குறைஞ்சுபோகுது? இருந்துட்டுப் போகட்டும் விடுங்க" என்றேன்.

"நன்றி, குன்வோர்" என்றார் எஸ்கில். அவ்வளவுதான். ரோலண்ட் குறிப்பில் எழுதினார், 'நீட்டிப்பு இல்லை எனக் குழு ஒருமனதாக முடிவு செய்தது.'

"நான் ஒத்துக்கலையே" என்றேன்.

"உனக்குத்தான் ஓட்டு இல்லையே" என்றார் ரோலண்ட். திங்கட்கிழமை கடிதம் தட்டச்சு செய்து கொண்டுவருவதாகவும் எஸ்கில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். ஒரு குடும்பத்தைக் கிளப்புவதற்கு ஆன நேரம் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் புதுப் பூட்டு வாங்கும் பேச்சுக்கு ஆன நேரத்தைவிடக் குறைவு.

ஆறு மணி ஆனது. எஸ்கில் போய் அட்டையைத் திருப்பிவிட்டு வந்தார். விவெக்கா மெழுகுவர்த்தியை ஏற்றினாள். புத்தகங்கள் வெளியே வந்தன. அந்த மாதம் பொலிவியா. சுரங்க ஊரில் துணி துவைத்துப் பிழைக்கிற ஒருத்தியை, இருந்த ஒரே அறையிலிருந்தும் வெளியேற்றுகிறார்கள். இடுப்பில் குழந்தையோடு அவள் தெருவில் நடக்கும்போது அக்கம்பக்கத்தார் எல்லோரும் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். நான் புத்தகத்தின் மேலட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர்களுக்கு இது உறைக்காதா? ஒரு பிளாஸ்க் காபிகூட இன்னும் மாறவில்லையே.

எஸ்கில் முன்னுரை சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஷூஷானிக் உள்ளே வந்தாள். கையில் ஒரு தட்டு, அதில் அவர்கள் ஊர் இனிப்பு ரொட்டி. எல்லோரும் அப்படியே உறைந்துபோனார்கள்.

எஸ்கில் மட்டும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். "நான்தான் வரச் சொன்னேன். படியில பாத்தப்ப சொன்னேன், வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கீழ வா, உன் கருத்து எங்களுக்கு வேணும்னு."

எதற்கு என்று சொன்னாரா? அதுதான் சொல்லவில்லை. புத்தகம், வாசகர் வட்டம் என்ற வார்த்தையே இவர் வாயில் வரவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. வெளிநாட்டுக்காரி ஒருத்தி இருந்தால் பேச்சுக்குக் கனம் சேரும் என்று நினைத்திருக்கிறார். பொலிவியா எங்கே இருக்கிறது, அர்மீனியா எங்கே இருக்கிறது? அதுவும் அவளைக் கிளப்புகிற அதே நாளில், அதே மேஜைக்கு. இந்த மனுஷனுக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இணைக்கிற கம்பியே கிடையாது.

சுற்று தொடங்கியது. முதலில் ரோலண்ட்.

"என்னை ரொம்ப உலுக்கினது எதுன்னா, அவங்க யாரும் கெட்டவங்க இல்ல. நாலு பேரு மேஜையைச் சுத்தி உக்காந்து, பேப்பரைப் பாத்து, ஒரு பொம்பளையோட வாழ்க்கையை முடிச்சுடறாங்க. யாரும் அவ முகத்தைக்கூடப் பாக்கல." சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. நிஜமாகவே உடைந்தது, நடிப்பில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"நன்றி, ரோலண்ட்."

விவெக்கா கைக்குட்டையோடு தொடங்கினாள். "அந்தக் குழந்தைதான் எனக்கு. பெரியவங்க எப்படியும் தாங்கிப்பாங்க. ஆனா ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்ப வேரோட பிடுங்கினா அது என்ன ஆகும்? அதை யாருமே யோசிக்கலையே."

"நன்றி, விவெக்கா" என்றார் எஸ்கில். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "இது ஒரு பொண்ணோட கதை மட்டுமில்ல. அதிகாரம் எப்படிப் பேசும்னு இதுல தெரியுது. விதி, விதின்னு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறவன் கோழை. அவளைத் தெருவுக்கு அனுப்பினவங்களைவிட, தெரிஞ்சும் சும்மா இருந்த அக்கம்பக்கத்தாரைத்தான் என்னால மன்னிக்க முடியல."

என் முறை. நான் அவர் முகத்தையே பார்த்தேன். அந்த முகத்தில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை. "நீங்களே எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. எனக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

கடைசியாக ஷூஷானிக். எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமில்ல. இன்னைக்கு உங்க கூட்டத்துல என்ன முடிவாகுமோன்னு பயந்துகிட்டேதான் வந்தேன். உங்க மனசு இப்படின்னு தெரியாமப் போச்சு. என் குழந்தையைப் பத்தி அழுதீங்களே, அதை நான் மறக்க மாட்டேன். மேல போய் நாரேகிட்டச் சொல்றேன், நாம இங்கயே இருக்கலாம், பள்ளிக்கூடம் மாற வேணாம்னு. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றது?"

ஒருவர் பேசி முடித்தால் பதில் சொல்லக் கூடாது. யாரும் சொல்லவில்லை. ரோலண்டின் காது சிவந்துபோயிருந்தது. எஸ்கில் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு பழக்கதோஷத்தில் "நன்றி, ஷூஷானிக்" என்றார். அவள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். விவெக்காவைக் கட்டிக்கொண்டாள். தட்டை மேஜைமேல் விட்டுவிட்டுப் போனாள்.

படியில் அவள் காலடி அடங்கும்வரை விவெக்கா கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ரோலண்ட் கதவைத் திறந்து அட்டையைப் பார்த்தார். "நிர்வாகக் குழுக் கூட்டம்னே இருக்கு. நீ திருப்பவே இல்ல."

"திருப்பினேன்" என்றார் எஸ்கில்.

"திருப்பியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"திருப்பினேன்னு நெனைக்கிறேன்."

"யாராவது உடனே சொல்லியிருக்கணும்" என்றாள் விவெக்கா.

"நீ சொல்லியிருக்கலாமே, உன்னைத்தானே கட்டிப்பிடிச்சா" என்றேன். பொலிவியாவுக்கு அழுத முகத்தை என் பக்கம் திருப்பிக் கோபமாகப் பார்த்தாள். கடைசியில், தலைவர் என்ற முறையில் எஸ்கிலே மறுநாள் மேலே போய்ப் பக்குவமாகச் சொல்லிவிடுவார் என்று முடிவானது. ஒருமனதாகத்தான். ரொட்டியை யாரும் தொடவில்லை. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன், உள்ளே வெண்ணெயும் சர்க்கரையுமாக நன்றாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை எஸ்கில் மேலே போனார். கையில் பாதாமி ஜாம் பாட்டிலோடு இறங்கி வந்தார்.

"சொல்லியாச்சா?"

"அவ வாசல்லயே ஜாம் கொடுத்துட்டா. அப்ப எப்படிச் சொல்றது?"

சனிக்கிழமை போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். நாரேக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாராம், பின்னம். குழந்தை நன்றாகப் புரிந்துகொள்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனார். அன்று கிறிஸ்துமஸ் காலத்தின் முதல் ஞாயிறு, கட்டடம் முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் காகித நட்சத்திரத்துக்குள் விளக்குப் போட்டிருந்தோம். இவர் போன வேகத்தில் திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவளும் நட்சத்திரம் மாட்டிட்டா, குன்வோர். புதுசா வாங்கியிருக்கா. நான்தான் ஸ்டூல் மேல ஏறிக் கொக்கி அடிச்சுக் கொடுத்தேன். இனிமே எப்படிச் சொல்றது?"

எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"மூணு தடவை போன. ஒரு தடவையாவது வாயைத் திறந்தியா? சொல்லவும் தைரியமில்ல, முடிவை மாத்தவும் தைரியமில்ல. கொக்கி அடிச்சுக் கொடுத்துட்டு வந்து நிக்கிற."

"முடிவை நான் ஒருத்தன் மாத்த முடியுமா? விதின்னு ஒண்ணு..."

"விதிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறவன் என்னன்னு சொன்ன? நீதானே சொன்ன, கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு?"

"அது வேற."

"என்ன வேற? அந்த பொலிவியாக்காரிக்கு நீ வீடு கொடுக்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. அவளுக்காக அழுதா உனக்குச் செலவே இல்ல. மேல இருக்கறவளுக்கு ரெண்டும் உன் கையில இருக்கு. எனக்கு வயிறு எரியுது எஸ்கில். இத்தனை வருஷமா நீ படிக்கறதுக்கெல்லாம் நான் காபி போட்டுக் கொடுத்தேனே, அதை நெனைச்சா எரியுது."

அவர் எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். அப்புறம், "நீ எல்லாத்தையும் ரொம்பச் சாதாரணமாப் பாக்குற" என்றார். நான் பாத்திரம் துடைக்கிற துணியைத் தொட்டியில் வீசிவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை ரோலண்ட் கடிதத்தோடு வந்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சின்ன அடையாளம்கூடப் போட்டிருந்தார். எஸ்கில் பேனாவை எடுத்தார். ஜன்னல் வழியே கட்டடத்தின் எதிர்ப்பக்கத்து மூன்றாவது மாடி தெரியும், நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

"ரோலண்ட், நீயே கொண்டுபோய்க் கொடுத்துடறியா? கையில?"

"நானா? தபால்ல அனுப்பலாம்னு நெனைச்சேன்."

"ஒரே கட்டடத்துல இருந்துகிட்டுத் தபால்லயா? நாளைக்குப் படியில பாத்தா என்ன பேசுவ?"

ரோலண்ட் யோசித்தார். அவர் முகத்தில் வந்த கலவரத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொன்னால் என்ன. உட்கார்ந்தார். விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இரண்டு வருஷம் என்று எழுதியிருக்கும் வரிக்கு நேர் கீழ்வரியிலேயே, தனிக் காரணம் இருந்தால் குழு நீட்டிக்கலாம் என்று இருந்தது. புத்தகம் அச்சான நாளிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. மறுநாள் மாலை அவசரக் கூட்டம் போட்டார்கள். என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் மூன்று பேரும் முழித்தார்கள். சொல்ல வெட்கமாக இருந்தது என்று எழுத முடியாதே.

"குழந்தையோட பள்ளிக்கூடம்னு போடலாமா?" என்றாள் விவெக்கா, புதிதாகக் கண்டுபிடித்தவள் மாதிரி.

"நல்ல யோசனை" என்றார் எஸ்கில்.

ரோலண்ட் எழுதினார், 'பொந்துஸ் திரும்பும்வரை நீட்டிக்கக் குழு ஒருமனதாக முடிவு செய்தது.'

அதற்கு அடுத்த வாரம் துணி துவைக்கும் அறையில் ஷூஷானிக்கைப் பார்த்தேன். என் நேரம் தொடங்க இன்னும் கொஞ்சம் இருந்தது, அவள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது, நான் ஒரு முனையைப் பிடித்தேன். இந்த நாட்டில் யாரையும் நீ என்று கூப்பிடலாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு வாயில் வராது.

"நீங்க அன்னைக்குப் பேசினதுக்கு நான் நன்றி சொல்லவே இல்ல" என்றாள்.

"நான் ஒண்ணும் பேசலையே. எல்லாம் நீங்களே சொல்லிட்டீங்கன்னு விட்டுட்டேன்."

"அது ஆறு மணிக்கு. நான் சொல்றது அஞ்சு மணிக்குப் பேசினது."

விரிப்பு என் கையிலேயே நின்றது. அவள் உலர்த்தும் மெஷினையும், அதை ஒட்டிய சுவரையும் கண்ணால் காட்டினாள்.

"அன்னைக்கு இது என் நேரம். மெஷின் நின்னதும் எல்லாம் கேட்டுச்சு. யாருக்கு என்ன குறைஞ்சுபோகுதுன்னு கேட்டீங்க. அதுக்கு யாரும் பதில் சொல்லல. பூட்டு வாங்கறதைப் பத்திப் பேசினாங்க."

"அப்ப உனக்குத் தெரியுமா? எல்லாம் முடிஞ்சதுன்னு தெரிஞ்சுதான் வந்தியா?"

"மேல போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் நல்லாச் சண்டை போடலாம்னுதான் இறங்கி வந்தேன். கதவுகிட்ட நின்னா, உங்க வீட்டுக்காரர் பேசிகிட்டிருந்தார். அந்தப் புத்தகத்துல இருக்கற பொண்ணைப் பத்தி. எவ்ளோ உருக்கமாப் பேசறார்." விரிப்பின் நுனியைச் சேர்த்துக்கொண்டு என் பக்கம் நடந்து வந்தாள். "இவங்க புத்தகத்துக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் இரக்கப்படுவாங்கன்னு புரிஞ்சுது. சரி, நானும் உள்ள போய் உக்காந்துக்கிட்டேன். அட்டையை மட்டும் திருப்பி வெச்சேன். ரொட்டித் தட்டை மறுபடி மேல போய் எடுத்துகிட்டு வந்தேன்."

நான் மடித்த விரிப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே சிரிக்க ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அவர்கிட்டச் சொல்லாதீங்க" என்றாள். "நாரேக்குப் பின்னம் இன்னும் முடியல. அதுவும் இல்லாம, தெரிஞ்சா அவர் ரொம்பச் சங்கடப்படுவார். சங்கடப்பட்டா திரும்ப விதியைப் பாக்கப் போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். ஏனென்றால் அன்றிலிருந்து எஸ்கிலைப் பிடிக்க முடியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதே பேச்சு. கிறிஸ்துமஸுக்கு என் தம்பி குடும்பம் வந்தபோது, பன்றித் தொடையை வெட்டிக்கொண்டே, "ஒரு நாவல் ஒரு குடும்பத்தைக் காப்பாத்தும், நான் கண்ணால பாத்தேன்" என்றார். என் தம்பி என்னைப் பார்த்தான். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். பேசாமல் இருப்பதற்கு மட்டும் சம்பளம் என்று ஒன்று இருந்தால் எனக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் கோபம் என்னவென்றால், அவர் சொல்வது ஒரு வகையில் உண்மைதான். ஆனால் அவர் நினைக்கிற வகையில் இல்லை.

ஜனவரிக் கடைசி வியாழக்கிழமை, ஆறு மணிக்கு எஸ்கில் அட்டையைத் திருப்பினார். திருப்பிவிட்டு, திருப்பியாகிவிட்டதா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மேஜையைச் சுற்றி இப்போது ஐந்து நாற்காலி. ஷூஷானிக் நிரந்தர உறுப்பினர். அந்த மாதம் ஏதோ தீவு நாடு, மீனவர்கள், பெரிய கம்பெனி. எஸ்கிலின் முறை வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"தீவுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றார். "நவம்பர்ல இந்த மேஜையில என்ன நடந்துச்சுன்னு நான் நிறைய யோசிச்சேன். நாம ஒரு முடிவு எடுத்திருந்தோம். ஒரு புத்தகம் அதை மாத்துச்சு. இலக்கியம் மனுஷனை மாத்துமான்னு கேக்கறவங்களுக்கு நான் இனிமே இதைத்தான் சொல்வேன்."

ஷூஷானிக் எதிரிலேயே இதைச் சொல்கிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. விவெக்கா கைக்குட்டையை எடுத்தாள். ரோலண்ட் தலையாட்டினார். எஸ்கிலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை, முறைப்படி சொல்லவும் கூடாது. அடுத்தது நான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத இந்த மனுஷனிடம் முழுக்கதையையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட வேண்டும் போலிருந்தது.

மேஜைக்கு அடியில் ஷூஷானிக் என் காலை மெதுவாக மிதித்தாள். மேலே எங்கேயோ படிக்கட்டில் நாரேயும் கீழ்வீட்டுப் பெண்ணும் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது.

"நன்றி, எஸ்கில்" என்றேன். "எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல."